ஊசி, ஆணுறை, சாதி

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வு அது. ரத்தம் கொடுத்தவர்கள் அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகள். மாதிரிகளைச் சோதிக்க வேலூர் சிஎம்சிக்குத்தான் கொண்டுபோனார்கள். ஆறு பேருக்குத் தொற்று. 'ஒழுக்கம் கெட்டவர்களின் நோய்' என்று பொதுச் சமூகம் உடனே முத்திரை குத்தியது. நோய்க்கும் தீண்டாமை வந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் மணிப்பூரில் போதை ஊசி போடுவோரிடம் தொற்று வேகமாகப் பரவியது. ஊசி ஆண்களோடு நின்றது, தொற்று நிற்கவில்லை. ஊசியைத் தொட்டே பார்க்காத மனைவிகளுக்கும் போனது. சென்னையிலும் இதுதான் கதை. 2003-இல் ஊசி போடும் 226 ஆண்களையும் அவர்களது துணைவியரையும் சோதித்தபோது, ஆண்களில் 30 சதவீதம் பேருக்கும் பெண்களில் 5 சதவீதம் பேருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. புது ஊசி மட்டும் கொடுத்தால் போதாது, ஆணுறையும் வீடு வரை போக வேண்டும் என்பதே இதன் பாடம். ஆணுறை போடச் சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கு வீட்டில் உண்டா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

2017-இல் வந்த எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்றைத் தடுக்க ஆணுறை, புது ஊசி, மாற்று மருந்து கொடுப்பது குற்றமல்ல என்கிறது அதன் 22-ஆவது பிரிவு. சம்மதம் இல்லாமல் யாரையும் சோதிக்கவும் முடியாது.

சட்டம் அரூருக்கு வந்துவிட்டதா? சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20-இல் வாச்சாத்திக்குள் புகுந்தவர்கள் செய்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. போதை என்று பேச்செடுத்தாலே ஜீப் காலனிப் பக்கம் திரும்பும் என்ற பயம் இங்கே புதிதல்ல. பயந்த பையன் நம்பிக்கை மையத்துக்குப் போகமாட்டான். இருக்கிற ஒரே ஊசியை நாலு பேரோடு பகிர்வான். அவன் மறைத்ததற்கான விலையை அவன் மனைவி கொடுப்பாள்.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் தமிழ்நாட்டில் இன்று பரவலாகப் பேசப்படுகிறது. 'நம்ம பிள்ளைகள் அப்படி இல்லை' என்று மானத்துக்காக நாம் வாயை மூடக்கூடாது. ஆணுறையைப் பற்றிக் காலனியில் பேசுவது அசிங்கம் அல்ல. பரிசோதனை, ஆலோசனை, ஏ.ஆர்.டி. மாத்திரை எல்லாம் அரசு இலவசமாகத் தருகிறது. உதவி எண் 1097. கேட்டுப் பெறுவோம். நலத்திட்டம் என்றல்ல, உரிமை என்று.