கரியமில வாயு எரிபொருள்

ஆலைப் புகையிலிருந்தோ காற்றிலிருந்தோ கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, ஹைட்ரஜனுடன் வினைபுரியச் செய்து மீத்தேன், மெத்தனால் முதலிய எரிபொருள்களாக மாற்றும் தொழில்நுட்பம். கரியமில வாயு ஆற்றல் தரும் பொருளன்று. எரிந்து முடிந்த கரியின் சாம்பல் என்று அதைக் கொள்ளலாம். அந்தச் சாம்பலைத் திரும்ப விறகாக்கத் தேவையான ஆற்றல் முழுவதையும் ஹைட்ரஜனே கொண்டுவர வேண்டும். ஹைட்ரஜன் எங்கே, என்ன விலைக்குக் கிடைத்தது என்பதே இத்துறையின் வரலாற்றைப் பெரிதும் தீர்மானித்திருக்கிறது.

வேதியியல் பழையது. பிரான்சின் துலூஸ் நகரில் பால் சபாத்தியேவும் அவருடன் பணியாற்றிய பாதிரியார் செந்தெரனும் 1902இல், சூடேற்றிய நிக்கல் தூள்மீது கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் செலுத்தினால் மீத்தேனும் நீரும் கிடைக்கும் என்று காட்டினர். சபாத்தியேவுக்கு 1912இல் நோபல் பரிசு கிடைத்தது, பாதிரியாருக்கு இல்லை. இதே வினையைப் பன்னாட்டு விண்வெளி நிலையமும் 2010 முதல் பயன்படுத்தியது. வீரர்கள் வெளிவிட்ட மூச்சிலிருந்து குடிநீர் எடுப்பதே அங்கு நோக்கம். மீத்தேனை வெளியே விட்டுவிட்டார்கள்.

வாயுவைப் பிடிக்கும் முறைக்கும் வயது குறைவில்லை. அமெரிக்கரான ராபர்ட் பாட்டம்ஸ் 1930இல் அமீன் கரைசல் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இயற்கை எரிவாயுவைச் சுத்தப்படுத்தவே அது முதலில் பயன்பட்டது. உயர்ந்த கோபுரத்தின் மேலிருந்து அமோனியா வாடையுள்ள கரைசல் வழிந்திறங்க, கீழிருந்து புகை ஏறும். சுமார் 40 பாகை செல்சியசில் கரைசல் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். அடுத்த கோபுரத்தில் 120 பாகைக்குக் காய்ச்சினால் விட்டுவிடும். காய்ச்சும் செலவுதான் இம்முறையின் தீராத தலைவலி. தூத்துக்குடியின் ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை பிடித்துச் சோடா உப்பு தயாரிக்கும் திட்டத்தை 2016இல் தொடங்கியபோது, அரசு மானியமின்றி நடக்கும் திட்டமென்று உலகின் கவனத்தைப் பெற்றது. அது எரிபொருளாக்கம் அன்று. ஆனால் பிடித்த வாயுவுக்கு வாசலிலேயே வாங்குபவர் இருந்தால் கணக்கு எப்படி மாறும் என்பதற்கு நல்ல சான்று.

மெத்தனாலைப் பெருமளவில் செயற்கையாகத் தயாரிப்பது 1923இல் ஜெர்மனியின் லாய்னா ஆலையில் தொடங்கியது. அதற்கு மூலப்பொருள் நிலக்கரி வாயு. ஆயினும் 1920களிலும் 30களிலும் அமெரிக்க ஆலைகள் சில, நொதித்தலில் வெளிவந்த கரியமில வாயுவைக் கொண்டே மெத்தனால் தயாரித்தன. பின்னர் இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைக்கவே அந்த வழி மறக்கப்பட்டது.

அதை மீட்டெடுத்தவர் ஹங்கேரியில் பிறந்து 1956இல் நாட்டைவிட்டு வெளியேறிய ஜார்ஜ் ஓலா. 1994இல் வேதியியல் நோபல் பெற்ற இவர், சக வேதியியலாளர்களான கோப்பெர்ட், பெங்களூரில் பிறந்த சூர்ய பிரகாஷ் ஆகியோருடன் மெத்தனாலை எரிபொருளாக முன்வைத்து எழுதிய நூல் 2006இல் வெளிவந்தது. ஹைட்ரஜனை அப்படியே சேமித்து ஊர் ஊராகக் கொண்டுசெல்வது கடினம். மெத்தனாலோ சாதாரண வெப்பநிலையில் திரவம், பெட்ரோல் போலவே தொட்டியில் ஊற்றலாம் என்பது அவர்கள் வாதம்.

ஓலாவின் பெயர் தாங்கிய ஆலை 2012இல் ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கியில் இயங்கத் தொடங்கியது. பக்கத்துப் புவிவெப்ப மின்நிலையத்தில் நீராவியோடு மேலேறும் கரியமில வாயுவைக் குழாயில் வாங்கிக்கொண்டது. நீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுத்தது. செம்பும் துத்தநாகமும் கலந்த வினையூக்கியில் இரண்டையும் சேர்த்து, விரிவாக்கத்துக்குப்பின் ஆண்டுக்கு 4,000 டன் மெத்தனால் தயாரிக்கும் திறன் பெற்றது. இடத்தேர்வு தற்செயலன்று. ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 1.4 டன் கரியமில வாயுவும் 190 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். அந்த ஹைட்ரஜனுக்கு மட்டும் ஏறத்தாழ 10,000 யூனிட் மின்சாரம் செலவாகும். கிடைக்கும் மெத்தனாலை எரித்தால் வருவது சுமார் 5,500 யூனிட். பாதி ஆற்றல் வழியிலேயே போய்விடும் தொழிலை, நீர்வீழ்ச்சியும் எரிமலைச் சூடும் மின்சாரம் தரும் நாட்டில்தான் முதலில் நடத்த முடிந்தது.

இந்த ஆலையை அமைத்த ஐஸ்லாந்து நிறுவனத்தின் நுட்பத்தில் 2022இல் சீனாவின் அன்யாங்கில் எழுந்த ஆலையின் திறன் ஆண்டுக்கு 1,10,000 டன். அங்கு ஹைட்ரஜன், கோக் அடுப்பு வாயுவிலிருந்து வருகிறது. அதாவது நிலக்கரியின் பிள்ளை. அளவில் பெரிய முன்னேற்றம். பசுமை என்று சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையம், நாளொன்றுக்கு 20 டன் கரியமில வாயுவைப் பிடித்து 10 டன் மெத்தனாலாக்கும் ஆலையை அமைத்துள்ளது. 4,760 மெகாவாட் திறனுள்ள அந்நிலையம் ஒரு நாளில் வெளியிடுவதோ பல பத்தாயிரம் டன். செய்துபார்க்கும் கட்டம் என்பதற்குமேல் இதைச் சொல்ல முடியாது.

நிலக்கரிப் புகையிலிருந்து பிடித்த வாயுவும் எரிபொருளாகி எரிந்ததும் காற்றுக்கே போகிறது. ஒரு முறைக்கு இரு முறை பயன்பட்டது என்பதே மிச்சம். இதற்கு மாறாக, டென்மார்க்கின் காசோவில் 2025இல் திறக்கப்பட்ட ஆலை, சாண எரிவாயு நிலையங்களிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது. ஹைட்ரஜனுக்கான மின்சாரத்தில் ஒரு பகுதி பக்கத்துச் சூரிய மின்பூங்காவிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு 42,000 டன் திறனுள்ள இதன் மெத்தனாலை மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் வாங்குகிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, படிம எரிபொருளில் இயங்கும் மின்நிலையப் புகையை 2035 வரையும், மற்ற ஆலைகளின் புகையை 2040 வரையும் மட்டுமே இவ்வகை எரிபொருளின் கணக்கில் தவிர்க்கப்பட்ட உமிழ்வாகக் காட்டலாம்.