சட்டம் தந்ததும் நாம் தரவேண்டியதும்

சட்டத்தினால் மாத்திரம் மக்கள் சமமாகிவிடுவரோ? வன்னி மண்ணின் சரித்திரத்திலேயே இவ்வினாவிற்கு விடை காணலாம்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கலந்தாலோசியாமலே 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தஞ்சம் புகுந்து, காடு வெட்டிக் கழனியாக்கினர். எஞ்சிய நாடற்றோருக்கும் 2003இல் பாராளுமன்றம் பிரஜாவுரிமை வழங்கிற்று.

சட்டத்தின் குறை தீர்ந்தது. ஊரின் குறை தீர்ந்ததா? வெட்டிய காணிக்கு உறுதியின்றிப் பலர் வாழ்ந்தனர். வயல் வேலைக்கு அவர்களை அழைத்த நம்மிற் பலர், சம்பந்தம் பேசுமிடத்துத் ‘தோட்டக்காட்டார்’ என ஒதுக்கினோம்.

இது புதிதன்று. 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஆலயப் பிரவேசத்தைத் தடுப்பது குற்றமென்றது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரத்தில் அடியார்கள் வாயிலிலே மறிக்கப்பட்டனர்.

ஆகவே சட்டம் வேண்டாமென்பதன்று; சட்டமின்றேல் முறையிடவும் இடமில்லை. ஆனால் அது கதவைத் திறக்கலாமேயன்றி, ‘வாருங்கள்’ என அழைக்கமாட்டாது. அவ்வழைப்பு நம்முடையது. இளைஞர்களே, நமது ஆலய பரிபாலன சபைகளில் அவர்களுக்கும் சம ஆசனம் அளிப்பதிலிருந்து தொடங்குவோமாக.