வாசலைத் திறந்து வைத்தவர்கள்

1838ஆம் ஆண்டின் இறுதி நாளன்று அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த ஐந்து அருட்சகோதரிகள் சிட்னித் துறைமுகத்தில் இறங்கினர். பிறரன்புச் சகோதரிகள் என்னும் சபையைச் சேர்ந்த அவர்கள் முதலில் நாடிச் சென்றது, நாடு கடத்தப்பட்டுச் சிறைப்பட்டிருந்த கைதிப் பெண்களைத்தான். 1857இல் அவர்கள் நிறுவிய புனித வின்சென்ட் மருத்துவமனை, மதம் கேளாமல் எல்லாருக்கும் வாசலைத் திறந்து வைத்தது.

அந்த வாசலுக்குப் பெருஞ்சோதனை 1980களில் வந்தது. மருத்துவமனைக்கு அருகிலிருந்த கிங்ஸ் கிராஸ் பகுதியில் ஹெராயின் ஊசிக்கு அடிமையானோர் பலர். எய்ட்ஸ் நோயாளியைத் தொடவே உலகம் அஞ்சிய 1984இல், ஆஸ்திரேலியாவில் அந்நோய்க்கென முதல் தனிப்பிரிவை இம்மருத்துவமனை தொடங்கியது.

ஊசி கிடைக்காமற் செய்தால் போதைப் பழக்கம் ஒழியும் எனப் பலர் எண்ணினர். எடின்பரோ நகரில் அவ்வாறே ஊசி விற்பனை நெருக்கப்பட்டது. விளைவு என்ன? பழக்கம் ஒழியவில்லை, ஒரே ஊசி பல கைகளுக்கு மாறியது. 1986இல் அங்கே ஒரு மருத்துவரிடம் வந்த போதை அடிமைகளைச் சோதித்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேரிடம் எச்.ஐ.வி. தொற்று காணப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில், வின்சென்ட் மருத்துவமனையின் போதைப் பிரிவு மருத்துவர் அலெக்ஸ் வோடாக்கும் அவருடைய தோழர்களும், சட்டம் தடுத்திருந்தும், பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தனர். திரும்பி வந்த ஊசிகளில் கிருமியின் சுவடு பெருகி வருவதையும் சோதித்துக் காட்டினர். பின்னர் அரசே அப்பணியை ஏற்றது. ஆஸ்திரேலியாவில் ஊசி ஏற்றுவோரிடையே எச்.ஐ.வி. பெருவெள்ளமாய்ப் பரவவில்லை.

ஆயினும் ஊசி மட்டும் போதாது. தோலில் சீழ்க்கட்டி, இதய வால்வில் தொற்று, ஈரலைத் தின்னும் ஹெபடைட்டிஸ் சி என இவர்களுக்குத் துன்பம் பலமுகம். இதயத் தொற்றுக்கு வாரக்கணக்கில் மருந்து ஏற்றவேண்டும். போதை விடுபடும் வேதனைக்கு மருந்தில்லையேல் நோயாளி பாதியில் வெளியேறிவிடுவார். ஏளனச் சொல் கேட்டவரோ திரும்பி வரவே மாட்டார். எனவே மெத்தடோனும் கிருமிக்கொல்லியும் கனிவான சொல்லும் ஒரே கூரையின்கீழ் கிடைப்பதே முறையான மருத்துவம்.

1999இல் பிறரன்புச் சகோதரிகள் மற்றுமோர் அடி எடுத்து வைத்தனர். செவிலியர் கண்காணிப்பில் ஊசி ஏற்றிக்கொள்ளும் நிலையம் ஒன்றைச் சோதனை முறையில் நடத்த இசைந்தனர். தீமைக்கு உடன்படுவதாக அது ஆகிவிடும் என அஞ்சிய உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், விலகுமாறு பணித்தது. சகோதரிகள் கீழ்ப்படிந்தனர். யுனைட்டிங் சபையார் அப்பொறுப்பை ஏற்க, 2001 மே மாதம் நிலையம் திறக்கப்பட்டது. அங்கு மூச்சடைத்து வீழ்ந்தவர்கள் காப்பாற்றப்பட்டனர். நிலையத்திற்குள் ஓர் உயிரும் பிரியவில்லை. புண்ணுக்குக் கட்டும் சிகிச்சைக்கு வழிகாட்டலும் அங்கேயே கிடைத்தன. 2010இல் சட்டம் அதனை நிலைப்படுத்தியது.

பேராயத்தின் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. தீமையைத் தீமையென்று சொல்லும் கடமை திருச்சபைக்கு உண்டு. ஆனால் செத்தவனை மனந்திருப்ப எவராலும் முடியாதே! அவன் உயிரோடிருந்தால்தான் நாளை என்பது உண்டு. அந்த நாளை பலருக்கு வந்தது. 2016 மார்ச்சில் ஹெபடைட்டிஸ் சி நோயைச் சில வாரங்களில் குணமாக்கும் மாத்திரைகளை ஆஸ்திரேலிய அரசு மானியத்தில் வழங்கத் தொடங்கியபோது, ஊசிப்பழக்கத்தை இன்னும் விடாதவர்களையும் விலக்கவில்லை.

வழியோரம் அடிபட்டுக் கிடந்தவனிடம், இந்த வழியே ஏன் வந்தாய் என்று நல்ல சமாரியன் விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. முதலில் காயத்தைக் கட்டினான். நம் மருத்துவமனைகளின் வாசலிலும் நம் இல்லங்களின் வாசலிலும் இத்தகையோர் வந்து நிற்கும்போது, நாம் முதலில் செய்வது எது?