கோபாலன், எம். ஜே. (1909–2003)

சென்னை மாகாணம் தந்த வேகப் பந்துவீச்சாளருள் முதல் தலைமுறையைச் சேர்ந்தவரும், துடுப்பாட்டம், ஹொக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவின் பிரதிநிதியாக ஆடிய அபூர்வ கீர்த்தி உடையவருமான கோபாலன், செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் 1909 ஜூன் 6ஆம் நாள் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். அமெரிக்காவில் பேஸ்போல் எறிவாளர் பருவத்துக்கு இவ்வளவு என்று வேதனம் பெற்று வாழ்ந்த அக்காலத்தில், இந்தியாவில் பந்துவீச்சு ஒருவனுக்குச் சோறிடும் தொழிலாக இருக்கவில்லை. ஆகவே, இவரது திறமையைக் கண்டுகொண்ட ஆங்கில ஆட்டக்காரர் சி. பி. ஜோன்ஸ்டன், பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பனியில் பெற்றுக் கொடுத்த உத்தியோகமே இவரது ஆட்ட வாழ்வுக்கு ஆதாரமாயிற்று.

1934 ஜனவரியில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தாவில் இவர் ஆடியதே இவரது ஒரே டெஸ்ட். அதில் இவருக்குக் கிடைத்தது ஓர் இலக்கு மட்டுமே. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே தொடங்கிய ரஞ்சிக் கிண்ணத்தின் முதற் போட்டியில், முதற் பந்தை வீசியவர் இவரே. ராம் சிங் 11 இலக்குகளை வீழ்த்தியமையால் மைசூர் அணி 48, 59 என்னும் சொற்ப ஓட்டங்களுக்குச் சுருண்டுவிட, 130 ஓட்டங்கள் மட்டுமே பெற்ற சென்னை, ஒரே நாளில் வெற்றி கண்டது.

1935இல் தயான் சந்த் முதலியோருடன் ஹொக்கி அணியில் நியூசிலாந்து சென்று திரும்பிய கோபாலன், மறு ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்துத் துடுப்பாட்டப் பயணமா என்ற தேர்வு நேர்ந்தபோது, பின்னதையே வரித்துக்கொண்டார். ஹொக்கி அணி தங்கப் பதக்கத்துடன் மீண்டது. இவருக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்டிலேனும் ஆடும் வாய்ப்புக் கிட்டவில்லை.

ஆயினும், பாக்கு நீரிணைக்கு இப்பால் இவர் பெயர் நிலைத்தது வேறொரு காரணத்தாலாகும். இவரது நெடுங்கால ஆட்டப் பணியைக் கௌரவித்து, சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1953இல் கோபாலன் கிண்ணப் போட்டி ஆரம்பமாயிற்று. 1947இலேயே சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக மகாதேவன் சதாசிவம் 215 ஓட்டங்கள் குவித்து இலங்கையின் ஆற்றலை நிரூபித்திருந்தார் எனினும், இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிச் செல்லும் அணிகள் கொழும்புத் துறையில் இறங்கி ஆடிய ஒருநாள் ஆட்டங்களே அந்நாளில் நம்மவர்க்குப் பெரும்பாலும் வாய்த்தன. பல நாள் ஆட்டத்தின் பொறுமையையும் உபாயத்தையும் அவர்கள் ஒழுங்காகப் பயில இக்கிண்ணம் களம் அமைத்தது. 1981இல் டெஸ்ட் அந்தஸ்துப் பெற்ற இலங்கை, இந்தியாவுக்கு எதிரான தன் முதல் டெஸ்டை 1982 செப்டெம்பரில் அதே சேப்பாக்கத்தில் ஆடி, துலிப் மெண்டிஸ் இரு இன்னிங்ஸிலும் 105 ஓட்டங்கள் பெற, வெற்றி தோல்வியின்றி முடித்தது. கோபாலன் 2003 டிசெம்பர் 21ஆம் நாள் சென்னையில் காலமானார்.