புளித்த பானையும் டர்பன் நகரசபையும்

2001 செப்டம்பர் முதல் வாரம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து போன தலித்துகளில் நானும் ஒருத்தன். சாதிக் கொடுமையையும் அறிக்கையில சேருங்கன்னு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போச்சு. சாதி வேற, இனம் வேற என்று இந்திய அரசு பிடிவாதமாக நின்றது. கடைசியில் வந்த அறிக்கையில் சாதி என்கிற சொல்லே இல்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், வெறுத்துப் போய் உட்கார்ந்திருந்த எங்கள் நாலு பேரை உள்ளூர்த் தோழர் ஒருவர் கேட்டோ மேனருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நகரத்தை ஒட்டிய மேட்டுப் பகுதி. ஜூலு மக்கள் அதை உம்குும்பானே என்பார்கள். தகர வீடுதான். திண்ணை மாதிரி ஒரு சிமெண்டு மேடை. அதில் எழுபது வயசுக்கு மேலான ஒரு அம்மா. எல்லோரும் அவரைக் கோகோ என்றே கூப்பிட்டார்கள். கோகோ என்றால் பாட்டி.

கருத்த, குண்டான மண்பானை ஒன்று வந்தது. உகாம்பா என்று பேர். மேலே பின்னிய தட்டு மூடி. கோகோ மூடியை எடுத்து, நுரையை ஒதுக்கி, முதல் வாய் தானே குடித்தார். காய்ச்சினவள் முதலில் குடிக்கணும், இதில் விஷமில்லை என்று காட்டணும், அதுதான் முறை என்றார் தோழர். அப்புறம் பானை கைமாறி என்னிடம் வந்தது.

பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். கெட்டியாக, கலங்கலாக இருந்தது. வாயில் வைத்ததும் சுரீர் என்று ஒரு புளிப்பு. நாக்கின் ஓரத்தில் நெருநெருவென்று மாவு. பீர் என்றால் மஞ்சளாகத் தெளிந்து, கசந்து, சில்லென்று இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. இது எங்க ஊர்ப் புளிச்ச கூழு! ரெண்டாவது வாயில் அந்தப் புளிப்புக்குப் பின்னால் லேசான இனிப்பும், சோளம் வறுத்த மாதிரி ஒரு வாசனையும் தெரிந்தன. மூணாவது வாய்க்குப் பானையை நானே கேட்டு வாங்கினேன். கோகோ சிரித்துவிட்டார்.

இதன் ஜூலுப் பேர் உட்ச்வாலா. ஷோசா மொழியில் உம்கொம்போதி. சோளத்தை ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்து அரைக்கிறார்கள். அந்த மாவையும் மக்காச்சோள மாவையும் வெந்நீரில் கரைத்து ஒருநாள் அப்படியே விடுகிறார்கள். பாலைத் தயிராக்கும் அதே வகை நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கும். பிறகு கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, மறுபடி முளைச்சோள மாவு போட்டால் நொதிக்க ஆரம்பிக்கும். மறுநாள் புல்லில் பின்னிய நீளமான வடிகட்டியில் பிழிந்து எடுக்கிறார்கள். போதை ரொம்பக் கம்மி, நூற்றுக்கு மூன்று அளவில்தான் இருக்கும். பானையில் இருக்கும்போதும் நொதித்துக்கொண்டேயிருப்பதால் ரெண்டு மூணு நாளுக்குள் குடித்து முடிக்க வேண்டும். முன்னோருக்குப் படைப்பதும் இதைத்தான். எல்லாம் பெண்கள் வேலை, பெண்கள் அறிவு.

(ஐரோப்பாவில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்தைச் சுற்றி லாம்பிக் என்று ஒரு புளித்த பீர் செய்கிறார்கள். காற்றில் இருக்கும் நுண்ணுயிர்களே வந்து இறங்கட்டும் என்று திறந்த தொட்டியில் ஆறவைத்து, மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். அந்தப் புளிப்பை ரசிக்கத் தெரிந்தவன் நாகரிகமானவனாம். வாங்கிக் குடித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. கோகோவின் பானையில் இருந்ததும் அந்தப் புளிப்புக்குப் பங்காளிதான்.)

இந்தப் பானைக்கு டர்பனில் என்ன நடந்தது என்பதை மறுநாள் குவாமுஹ்லே அருங்காட்சியகத்தில் பார்த்தேன். கறுப்பர்களை ஆண்ட நகரசபைத் துறையின் பழைய அலுவலகம்தான் இன்றைக்கு அருங்காட்சியகம். 1908இல் நேட்டால் காலனி ஒரு சட்டம் போட்டது. சோள பீரைக் காய்ச்சி விற்கும் உரிமையை நகரசபைகள் தாங்களே வைத்துக்கொள்ளலாம். 1909இல் டர்பன் நகரசபை அந்த ஏகபோகத்தை எடுத்துக்கொண்டது. நேற்றுவரை பெண் காய்ச்சிய பானை இன்றைக்குக் குற்றம். அதே சரக்கை நகரசபை பெரிய தொட்டியில் காய்ச்சி, பீர் ஹால் என்ற கொட்டகையில் விற்றால் அது நிர்வாகம்.

வந்த லாபத்தை என்ன செய்தார்கள்? கறுப்புத் தொழிலாளிகளை அடைத்து வைக்கும் விடுதிகளைக் கட்டினார்கள். அவர்களைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கும் போலீசுக்கும் அதிலிருந்தே செலவு செய்தார்கள். வெள்ளைக்காரன் வரிப்பணத்திலிருந்து அதிகம் போகவில்லை. அவனவன் குடித்த காசிலேயே அவனவனுக்கு வேலி போட்டாயிற்று. இதற்கு டர்பன் முறை என்றே பேர் வந்தது. 1923ஆம் ஆண்டு நகர்ப்பகுதிச் சட்டம் மற்ற ஊர் நகரசபைகளுக்கும் இந்த வழியைத் திறந்துவிட்டது. அரசாங்கக் காகிதங்களில் இந்த பீருக்கு வைத்த பேர் 'காஃபிர் பீர்'. காஃபிர் என்பது கறுப்பர்களைக் கேவலப்படுத்தும் வசைச்சொல். சாதிப் பேரே வசையாக வந்து விழுந்த நமக்கு அது எப்படி வலிக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

நகரத்துக்கு வந்த கறுப்புப் பெண்களுக்கு இருந்த பிழைப்பு ரொம்பக் கொஞ்சம். துணி வெளுப்பது, வீட்டு வேலை, பீர் காய்ச்சுவது. அந்த மூன்றாவதும் போனது. சோள பீருக்கு மூணு நாலு நாள் வேணும். அதற்குள் ரெய்டு வந்து பானையைக் கவிழ்த்துவிடுவான். அதனால் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு ஒரே ராத்திரியில் தயாராகிற கடும் சரக்குகள் பெருகின. மிதமான புளித்த பீரைக் குற்றமாக்கி, குடலை அறுக்கும் சரக்கை வளர்த்தது சட்டம்தான். அப்புறம் அதே சட்டம், பாருங்கள் இவர்கள் குடிகாரர்கள் என்று விரல் நீட்டியது.

1929இல் டர்பன் தொழிலாளிகள் பீர் ஹால்களைப் புறக்கணித்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் சாம்பியன் முன்னின்றார். ஜூன் மாதம் வெள்ளைக் கும்பல் சங்கக் கட்டடத்தை முற்றுகையிட்டது. எட்டு பேர் செத்தார்கள். அதே வருஷம் நேட்டாலின் சின்னச் சின்ன ஊர்களில் பெண்கள் கம்போடு பீர் ஹால்களுக்குள் புகுந்தார்கள்.

முப்பது வருஷம் கழித்து, 1959 ஜூன் 17. இடம் கேட்டோ மேனர். நகரசபை ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து காய்ச்சின பீரையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் திரண்டு நகரசபை பீர் ஹாலுக்குள் நுழைந்தார்கள். உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த ஆண்களை அடித்து விரட்டினார்கள். அடுத்தடுத்த நாட்களில் போலீஸ் தடியடி. புறக்கணிப்பு நேட்டாலின் கிராமப்புறம் வரை பரவியது. டோரதி நியெம்பே, ஃப்ளோரன்ஸ் ம்கீசே ஆகியோரின் பேர்கள் இந்தப் போராட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. 1960 ஜனவரியில் அங்கே ரெய்டுக்கு வந்த ஒன்பது போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு அந்தக் குடியிருப்பையே இடித்து, மக்களை குவாமஷுவுக்கும் உம்லாசிக்கும் துரத்தினார்கள்.

கோகோவுக்கு அப்போது முப்பது வயசு இருக்கும். "நீங்களும் போனீங்களா?" என்று கேட்டேன். தோழர் மொழிபெயர்த்தார். கம்பு பிடிக்கிற மாதிரி கையைக் காட்டினார். "என் புருஷன் உள்ளே இருந்தான்" என்றார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில் கள்ளும் மாட்டுக்கறியும் நம்ம கலகப் பண்பாடு என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். ஒரு கூட்டத்தில் ஒரு பெண் தோழர் எழுந்து, "கலகம் பண்ணிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து யாரை அடிக்கிறீங்க?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் கோபப்பட்டேன். குடியை ஆதரிக்கிறாயா எதிர்க்கிறாயா என்று ரெண்டே பக்கம்தான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. டர்பன் பெண்கள் ஒரு கையால் பீர் காய்ச்சினார்கள், இன்னொரு கையால் பீர் ஹாலை நொறுக்கினார்கள். புருஷன் கூலி நகரசபைக் கல்லாவுக்குப் போகக் கூடாது, என் பானை என்னிடம் இருக்கணும். ரெண்டும் ஒரே கோரிக்கை. இது எனக்குப் புரிய கடல் தாண்ட வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கேட்டோ மேனரில் நிலம் பெரும்பாலும் இந்தியர்கள் கையில் இருந்தது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள். சேரி சனங்களும் அதில் உண்டு. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்து, காய்கறி போட்டு, துண்டு நிலம் வாங்கினார்கள். பிறகு அந்த நிலத்தைக் குடிசை போடக் கறுப்பர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். 1949 ஜனவரிக் கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். அதிகம் செத்தவர்கள் ஆப்பிரிக்கர்கள், அடுத்து இந்தியர்கள். பின்னால் வெள்ளை அரசு ரெண்டு பேரையுமே அங்கிருந்து கிளப்பியது. கோகோவிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "உங்க ஆளுங்க வாடகையை விடமாட்டாங்க" என்றார். அவ்வளவுதான். பானையை மறுபடி என் பக்கம் நகர்த்தினார்.

1976இல் சோவெட்டோ மாணவர்கள் எழுந்தபோது எரிந்த கட்டடங்களில் பீர் ஹால்களும் இருந்தன. 1990களில் இந்தச் சோள பீர்த் தொழிற்சாலைகள் தனியார் கைக்குப் போய், அந்தப் பத்தாண்டின் நடுவில் விஜய் மல்லையாவின் கம்பெனி வாங்கியது என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. கடையில் அது அட்டைப் பெட்டியில் கிடைக்கும். மாவு அடியில் தங்கிவிடும், குலுக்கித்தான் குடிக்கணும். குடித்தேன், பரவாயில்லை. பானையில் குடித்தது வேற.

கிளம்பும்போது கோகோ கேட்டார்: "இந்த ருசி உனக்குப் பிடிச்சிருக்கே. உங்க ஊர்ல யார் செய்வாங்க?"

எங்க ஆயா செய்யும். வடசென்னையில் சுண்டக்கஞ்சி. எண்பதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் சாராயக் கடைகளை ஏலம் விட்டுக் கல்லா கட்டிய காலத்தில்தான் போலீஸ் வந்து ஆயாவின் பானையை உடைத்தது. நான் ஸ்கூல் யூனிபார்மில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவே நாறியது. ஆயாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் அது யாரோ மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வகுப்பில் எவனாவது பார்த்திருப்பானோ என்பதுதான் என் கவலை. ஆயா திரும்பி வந்து என்னை ஒன்றும் கேட்கவில்லை.

"எப்படிச் செய்வாங்க?" என்றார் கோகோ.

எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு வந்து சின்னம்மாவிடம் கேட்டேன். அரிசிக் கஞ்சி, பானை, வாய்க்கு வெள்ளைத் துணி என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். "எத்தினி நாள் வைக்கும்னு ஆயாவுக்குத்தான்டா தெரியும். மோந்து பாத்தே சொல்லும். அத ஏன்டா இப்ப கேக்குற?"