மரத்தளத்தின் அடியில் இருக்கும் காடு

சிம்லாவில் 1888இல் கட்டி முடிக்கப்பட்ட வைஸ்ராய் மாளிகையின் உள்வேலைப்பாட்டுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு கொண்டுவரப்பட்டது. அதனை வடிவமைத்த ஹென்றி இர்வினே சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் பணியாற்றியவர். ஆளும் வர்க்கத்திற்கு அன்று மரவேலைப்பாடு என்றால் முழுத் தேக்குதான். அந்தத் தேக்கை மலபாரிலேயே வளர்க்க 1840களில் நிலம்பூரில் தோட்டமிட்டவர் மாவட்ட ஆட்சியர் கனோலி.

முழுமரப் பலகைக்கு ஓர் இயல்பு உண்டு. ஈரம் மாறும்போது அது நீளவாக்கில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே மாறும். அகலவாக்கில் நூற்றில் பல பங்கு மாறக்கூடும். மழைக்காலத்தில் ஒன்றையொன்று நெருக்கி மேடாகும் பலகைகள் கோடையில் இடைவெளி விட்டு விலகும். சுவீடனின் நிப்ரோ நகரைச் சேர்ந்த குஸ்டாப் கேர் 1941இல் பல அடுக்குத் தளப்பலகைக்குக் காப்புரிமை பெற்றார். ஓர் அடுக்கின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அடுத்த அடுக்கின் நார் ஓடும்படி ஒட்டினால், ஒன்றின் விரிவை மற்றொன்று தடுக்கும். மேலே சில மில்லிமீட்டர் மட்டும் உயர்தர மரம்; அடியில் எளிய மரம். அப்படியும் சுவரோரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் விடாமல் பதித்த தளம் எழும்பிவிடும். அந்த இடைவெளியை மறைக்கவே சுவரடிப் பட்டை.

இந்தியா இந்த அடுக்கு உத்தியைத் தளத்தில் அன்று, தேயிலைப் பெட்டியில்தான் முதலில் அறிந்தது. அசாம் தோட்டங்களின் தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் ஏறியே கப்பலை அடைந்தது. அதனால் அங்கே ஒட்டுப்பலகை ஆலைகள் எழுந்தன. ஹொல்லாங் மரம் வெட்டப்பட்டது. மேல் அசாமிலும் அருணாசலத்திலும் மழைக்காடு குறைந்தது. 'சிக்கனமான' பலகை என்ற பெயர் அந்தக் காட்டைக் கணக்கில் சேர்க்காமல் கிடைத்தது.

கணக்கு கேட்கப்பட்டது வேறொரு மூலையிலிருந்து. நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடந்த மரவெட்டை எதிர்த்து, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் சென்றார். கனோலி தேக்கு நட்ட அதே நிலம்பூர்! 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த இடைக்கால ஆணை, அகராதிப் பொருளில் காடு என்று சொல்லத்தக்க எல்லாவற்றையும் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அருணாசலத்திலும், அதன் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அசாமிலும் இருந்த மரஅறுப்பு, ஒட்டுப்பலகை ஆலைகளை மூடச் சொன்னது. வடகிழக்கிலிருந்து மரம் வெளியேறுவதையும் தடுத்தது.

காட்டுக்கு அது மூச்சு. ஆனால் ஆலைகளையே நம்பியிருந்த ஊர்களில் கூலி நின்றது. சில ஆலைகள் பின்னர் உரிமத்துடன் தொழிற்பேட்டைகளுக்குள் அனுமதிக்கப்பட்டன. இரண்டையும் ஒரே தீர்ப்பின் விளைவாகச் சேர்த்து எழுதும் வரலாறு இன்னும் அரிது.

தொழிலோ இடம் மாறியது. அரியானாவின் யமுனாநகர் உழவர் வயலில் வளர்ந்த பாப்லரையும் தைலமரத்தையும் உரித்தது. கேரளத்தின் பெரும்பாவூர், பால் வற்றிய ரப்பர் மரங்களை எடுத்துக்கொண்டது. இன்று நகர அடுக்ககங்களில் 'ஓக் தளம்' என விற்கப்படும் பலகையை அறுத்துப் பார்த்தால், ஓக் மேலே ஒரு தோலளவுதான். மீதிக் கனமெல்லாம் விலைச்சீட்டில் பெயரில்லாத மரம்.