இருமுறை பிறந்த நுட்பம்: சர்வர் மெய்நிகராக்கத்தின் வரலாறு

சர்வர் மெய்நிகராக்கத்தின் வரலாற்றை 1998ஆம் ஆண்டில், விஎம்வேர் நிறுவனத்தின் தோற்றத்தோடு தொடங்குவது வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு தொடங்கும்போது முன்னிருந்த முப்பது ஆண்டுகள் மறைந்துபோகின்றன. இந்நுட்பம் இருமுறை பிறந்தது என்பதே என் வாதம். முதன்முறை கணினி அரிதாக இருந்ததால் பிறந்தது. இரண்டாம் முறை கணினி மலிந்துபோனதால் பிறந்தது. இரு பிறப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இன்றைய தரவு மையங்கள் எதிர்கொள்ளும் சிக்கலின் வேர் தெரியும்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வழக்கமான கணினியில் வன்பொருளின் மீது நேரடியாக ஓர் இயங்குதளம் அமர்ந்திருக்கும். மெய்நிகராக்கத்தில் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய மென்பொருள் அடுக்கு நுழைகிறது. அதன் பெயர் ஹைப்பர்வைசர். அது ஒரே பொறியைப் பல மெய்நிகர் பொறிகளாகப் பகுத்து, ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் முழுக் கணினியும் தனக்கே உரியது என்ற தோற்றத்தை அளிக்கிறது.

1964 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. பலர் தத்தம் முனையங்களிலிருந்து ஒரே கணினியை ஒரே வேளையில் பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறை அப்போது எம்.ஐ.டி.யில் வளர்ந்துகொண்டிருந்தது. புதிய கணினிக் குடும்பம் அம்முறைக்கு ஏற்றதன்று எனக் கருதிய எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், தங்கள் அடுத்த பெருந்திட்டத்துக்கு ஜெனரல் எலெக்ட்ரிக்கின் பொறியைத் தேர்ந்தனர். ஐ.பி.எம்.முக்கு இது பெரும் பின்னடைவு. எம்.ஐ.டி.க்கு அருகிலேயே, மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜில் அந்நிறுவனம் அமைத்திருந்த அறிவியல் மையத்தில், ராபர்ட் கிரீஸி தலைமையிலான ஒரு சிறு குழு வேறு வழியை முயன்றது.

அக்குழுவின் எண்ணம் எளிமையானது. பலரையும் ஒருசேரத் தாங்கும் ஒரே பெரிய இயங்குதளத்தை எழுதுவதற்குப் பதிலாக, வேலையை அவர்கள் இரண்டாகப் பிரித்தனர். கட்டுப்பாட்டு நிரல் பொறியைப் பகுத்துக் கொடுக்கும். பயனர் ஒவ்வொருவரும் தம் பங்கில் ஒருவருக்கு மட்டுமேயான எளிய இயங்குதளத்தை இயக்கிக்கொள்வர். முன்னது சி.பி. எனவும், பின்னது சி.எம்.எஸ். எனவும் பெயர் பெற்றன. சிறப்பாக மாற்றியமைக்கப்பட்ட சிஸ்டம்/360 மாடல் 40 பொறியில் 1967 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சி.பி.-40, ஒரே பொறியில் 14 மெய்நிகர் பொறிகளை நடத்திக் காட்டியது. இதன் வழித்தோன்றலே மாடல் 67 பொறிக்கான சி.பி.-67.

ஐ.பி.எம்.மின் அதிகாரபூர்வ நேரப் பகிர்வு இயங்குதளம் இதுவன்று, அது டி.எஸ்.எஸ்./360. பெருங்குழுவோடு தொடங்கிய அத்திட்டம் தாமதத்திலும் பிழைகளிலும் சிக்கி, இறுதியில் கைவிடப்பட்டது. சி.பி.-67 நிறுவனத்தின் முறையான ஆதரவு இன்றியே, மூலநிரலோடு வாடிக்கையாளர்களிடம் சென்றது. அவர்கள் அதைத் திருத்தினர்; தம் திருத்தங்களை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொண்டனர். அச்சமூகத்தின் விடாப்பிடி இல்லாதிருந்தால் 1972 ஆகஸ்டு 2 அன்று வி.எம்./370 முறையான விற்பனைப் பொருளாக அறிவிக்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே. வணிக நிறுவனங்கள் அதை வரவேற்றமைக்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. பழைய இயங்குதளத்தில் ஓடும் சம்பளப் பட்டியலை நிறுத்தாமலே, அதே பொறியில் புதிய இயங்குதளத்தைச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

கோட்பாடு நடைமுறையைப் பின்தொடர்ந்து வந்தது. 1974இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபெர்க் இருவரும் வெளியிட்ட கட்டுரை, ஒரு கணினிக் கட்டமைப்பு மெய்நிகராக்கத்துக்கு ஏற்றதா என்பதைக் கணித முறையில் வரையறுத்தது. பொறியின் நிலையை அறியவோ மாற்றவோ வல்ல ஆணைகளை நுண்ணுணர்வு ஆணைகள் எனலாம். கட்டுப்பாட்டு நிரலுக்கு மட்டுமே உரிய ஆணைகள் சிறப்புரிமை ஆணைகள். முன்னவை யாவும் பின்னவற்றுக்குள் அடங்கியிருப்பின், மெய்நிகர் பொறி வரம்பு மீறும் ஒவ்வொரு முறையும் வன்பொருளே அதைத் தடுத்துக் கட்டுப்பாட்டு நிரலிடம் ஒப்படைத்துவிடும். அப்போது ஹைப்பர்வைசர் அமைப்பது இயல்வதாகும். இதுவே அவர்களது முதல் தேற்றத்தின் சாரம்.

இவ்வளவு தெளிவாக வகுக்கப்பட்ட ஓர் அறிவு அடுத்த இருபது ஆண்டுகளில் மெயின்ஃப்ரேம் உலகுக்கு வெளியே ஏறத்தாழ மறக்கப்பட்டது. அதற்குக் காரணம் பொருளாதாரம். சிறுகணினிகளும் தனிக்கணினிகளும் மலிவாகக் கிடைத்தபோது, ஒரு பொறியைப் பகிர்ந்துகொள்ளும் தேவை மங்கியது. இம்மறதி சிலிக்கனிலேயே பதிவாயிற்று. தனிக்கணினிகளில் கோலோச்சிய இன்டெல் எக்ஸ்86 கட்டமைப்பு, போபெக்–கோல்டுபெர்க் நிபந்தனையை நிறைவு செய்யவில்லை. எடுத்துக்காட்டாக, இடையூறு அனுமதியை மாற்ற முயலும் ‘பாப்எஃப்’ ஆணையைச் சிறப்புரிமையற்ற நிரல் ஒன்று இயக்கினால், வன்பொருள் அதைத் தடுத்து முறையிடுவதில்லை. அம்மாற்றத்தை ஓசையின்றிப் புறக்கணித்துவிடுகிறது. ஹைப்பர்வைசருக்கு எச்செய்தியும் போய்ச்சேராது. ஜான் ராபின், சிந்தியா இர்வின் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் பென்டியம் நுண்செயலியை ஆராய்ந்து, இத்தகைய ஆணைகள் 17 எனக் கண்டறிந்தனர்.

இதற்கிடையே வணிகத் தரவு மையங்களில் மற்றொரு சிக்கல் முற்றிக்கொண்டிருந்தது. 1990களின் இறுதியில் ‘ஒரு பயன்பாட்டுக்கு ஒரு சர்வர்’ என்பது எழுதப்படாத விதியாயிற்று. ஒரே இயங்குதளத்தில் இரு பயன்பாடுகளை வைத்தால் ஒன்றுக்குத் தேவையான நிரலகம் மற்றொன்றைக் குலைத்தது. ஒன்று செயலிழந்தால் மற்றதும் வீழ்ந்தது. துறைகள் ஒவ்வொன்றும் தம் நிதியில் வாங்கிய பொறியை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. விளைவாக, அறைகள் பொறிகளால் நிரம்பின. பொறிகளோ பெரும்பாலான நேரம் வேலையின்றிக் கிடந்தன. சும்மா இருக்கும் சர்வரும் மின்சாரத்தை உண்கிறது, குளிரூட்டலையும் கோருகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2007ஆம் ஆண்டு அறிக்கை, அந்நாட்டுச் சர்வர்களும் தரவு மையங்களும் 2006இல் ஏறத்தாழ 6,100 கோடி யூனிட் மின்சாரத்தைப் பயன்படுத்தியதாக மதிப்பிட்டது. அது நாட்டின் மொத்த மின் நுகர்வில் சுமார் 1.5 விழுக்காடு.

இரண்டாம் பிறப்புக்கான வித்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இடப்பட்டது. எடுவார்ட் புன்யோன், ஸ்காட் டிவைன், மெண்டல் ரோசன்ப்ளம் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ‘டிஸ்கோ’ ஆய்வு, பல நுண்செயலிகள் கொண்ட பெரும்பொறிகளில் வழக்கமான இயங்குதளங்களை ஓட்டுவதற்கு மெய்நிகர் பொறி என்னும் பழைய கருத்தையே மீட்டெடுத்தது. இம்மூவரும், டையன் கிரீன், எலன் வாங் ஆகிய இருவரும் 1998இல் விஎம்வேரை நிறுவினர். எக்ஸ்86 வன்பொருள் தடுக்கத் தவறிய ஆணைகளை, இயங்கும் வேளையிலேயே கண்டறிந்து பாதுகாப்பான ஆணைகளாக மாற்றி எழுதியது அவர்களது மென்பொருள். 1999இல் தனிக்கணினிக்கான பதிப்பும், 2001இல் சர்வர்களுக்கான ஈ.எஸ்.எக்ஸ். பதிப்பும் வந்தன.

2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ‘ஸென்’ வெளிவந்தது. விருந்தினர் இயங்குதளத்தையே சற்றுத் திருத்தி, ஹைப்பர்வைசரோடு ஒத்துழைக்கச் செய்தது அதன் உத்தி. வன்பொருள் உற்பத்தியாளர்கள் பிந்தியே விழித்துக்கொண்டனர். 1974ஆம் ஆண்டுத் தேற்றம் கோரியதை இன்டெல் 2005இலும், ஏ.எம்.டி. 2006இலும் தத்தம் நுண்செயலிகளில் சேர்த்தன. 2007 பிப்ரவரியில் கே.வி.எம். லினக்ஸ் கருவின் பகுதியாயிற்று. 2006 ஆகஸ்டில் அமேசான் சோதனை முறையில் தொடங்கிய ஈ.சி.2 வாடகைக் கணினிச் சேவை ஸென்னின் மீதே எழுப்பப்பட்டது. இன்று மேகக் கணிமை என நாம் அழைப்பது, ஹைப்பர்வைசரை வாடகைத் தொழிலாக மாற்றியதன் விளைவே. 2014இல் நம் தேசிய தகவலியல் மையம் தொடங்கிய ‘மேகராஜ்’ தேசிய மேகமும் இம்மரபைச் சேர்ந்ததே.

தரவு மையத்தின் அன்றாடமும் இதனால் மாறியது. சர்வர் என்பது தூக்கி வைக்கும் இரும்புப் பெட்டி என்ற நிலை மாறி, நகலெடுக்கத்தக்க ஒரு கோப்பாயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் பொறியை ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு, பயனர் உணராதவாறு இடம்பெயர்க்கவும் முடிந்தது. எனினும், பெட்டிகளின் பெருக்கம் ஒழிந்த இடத்தில் மெய்நிகர் பொறிகளின் பெருக்கம் முளைத்தது. உருவாக்குவது எளிதானதால், எவருக்கும் தேவையற்றவையும் நீக்கப்படாமல் தங்கின. ஒரு பெட்டி பழுதானால் ஒரு பயன்பாடு நின்ற காலம் போய், பல பயன்பாடுகள் ஒருசேர நிற்கும் இடர் வந்தது.

இவற்றினும் ஆழமான மாற்றம் சார்பு நிலையில் நிகழ்ந்தது. மெய்நிகராக்கம் வணிக நிறுவனங்களை வன்பொருள் விற்பனையாளரின் பிடியிலிருந்து ஓரளவு விடுவித்தது. அதே வேளை நடுவிலிருக்கும் அடுக்கின் உரிமையாளரிடம் அவற்றை ஒப்படைத்தது. 2023 நவம்பர் 22 அன்று பிராட்காம் நிறுவனம் விஎம்வேரைக் கையகப்படுத்தியது; அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தா முறை மட்டுமே எஞ்சியது. செலவு உயர்வு குறித்து ஐரோப்பிய மேகச் சேவை நிறுவனங்கள் வெளிப்படையாக முறையிட்டன. வேறொரு ஹைப்பர்வைசருக்கு மாறலாமே என்பது எளிய விடை. ஆனால் காப்புநகல், வலைப்பின்னல், கண்காணிப்பு, பணியாளர் பயிற்சி அனைத்தும் ஒரே அடுக்கைச் சுற்றிப் பின்னப்பட்டுவிட்ட மையங்களுக்கு அது பல ஆண்டுப் பணி.

ஆகவேதான் முதல் பிறப்பின் வரலாறு இன்றும் பொருட்படுத்தத்தக்கது. சி.பி.-67ஐப் பயன்படுத்தியோரிடம் அதன் மூலநிரல் இருந்தது. நிறுவனத்தின் அக்கறை தளர்ந்தபோது அவர்களே அதை வளர்த்தனர். 1983இல் ஐ.பி.எம். மூலநிரல் வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தும் கொள்கையை அறிவித்தபோது, அச்சமூகம் கடுமையாக எதிர்த்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எழுந்துள்ள முறையீடுகளிலும் அதே அச்சத்தின் சாயலைக் காண்கிறேன். ஸென், கே.வி.எம். ஆகியன திறமூலமாக இருப்பது ஒரு மாற்று வழி. அவ்வழியே நடக்கத் திறன்பெற்ற பொறியாளர்கள் இருந்தால்தான் அது பயன்தரும். மெய்நிகராக்கத்தைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: ஒரு நிறுவனத்தின் கருவியை இயக்கக் கற்பிப்பதோடு நின்றுவிடாமல், போபெக்–கோல்டுபெர்க் கட்டுரையையும், ஒரு சிறிய திறமூல ஹைப்பர்வைசரின் நிரலையும் மாணவர் படிக்கும்படி செய்யுங்கள். கருவியின் உரிமையாளர் மாறினாலும் அந்த அறிவு அவர்களிடமே இருக்கும்.